தானாகத் தேடிக்கொண்ட நோயா?



எங்கள் டிவிசன் நலநிதியின் கூட்டப் புத்தகத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது. "சொந்தப் பழக்கத்தால் வந்த நோய்க்கு நிதியிலிருந்து உதவி வழங்கப்படமாட்டாது." கையெழுத்து என்னுடையது. சென்ற வருடம் அதை எழுதி, வாசித்து, கை தூக்கச் சொன்னவளும் நான்தான். இப்போது அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

சம்பளத்தன்று வீட்டுக்கு 100 ரூபாய் சேர்க்கும் சின்ன நிதி அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டருக்குக் காசில்லை, வார்ட்டுக்குக் காசில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேர வேன் பிடிக்க வேண்டும், கூட இருப்பவர் சாப்பிட வேண்டும், வெளியே எடுக்கச் சொல்லும் டெஸ்டுக்குக் கட்ட வேண்டும், அத்தனை நாள் பேரும் போய்விடும். இலவச வைத்தியத்துக்கு நம் ஆட்கள் கொடுக்கும் விலை இதுதான். அதற்காகத்தான் நிதி தொடங்கினோம்.

அந்த மாதம் வந்த விண்ணப்பம் ஈரல் கெட்டு வயிறு வீங்கிய ஒருவருக்காக. அவருடைய பிள்ளை என் வகுப்பில் படித்தது. பத்தாம் திகதி சம்பளம் வந்தால் பதினோராம் திகதி அந்தப் பிள்ளை சாப்பிடாமல் வரும். கொப்பி இருக்காது. சில நாள் தாயின் முகத்தில் காயம் இருக்கும். இதெல்லாம் என் மனதில் இருந்தது. "குடித்தவன் அனுபவிக்கட்டும், கொழுந்து பறித்துச் சேர்த்த காசை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். எல்லோரும் கை தூக்கினார்கள். அந்தத் தாய் தோட்டை அடகு வைத்து வேன் பிடித்தாள். மூன்று மாதத்தில் அவர் இறந்துபோனார். நாங்கள் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாங்கள் அன்று தண்டித்தது அவரை இல்லை, தோட்டைக் கழற்றியவளை.

அதன்பிறகு ஐந்து மாதம் கழித்து, எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா குழம்பு சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாகப் பேச்சு வந்தது. கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் காட்டினார். உள்கன்னத்தில் வெள்ளையாகத் தடித்து நடுவில் புண். காரம் பட்டால் எரிகிறது, வாயும் முழுதாகத் திறக்கவில்லை. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கோபப்பட்டேன்.

"நீங்கதானே டீச்சர் அன்னைக்கு வாசிச்சீங்க, சொந்தப் பழக்கத்துல வந்த நோவுக்கு காசு கெடையாதுன்னு. நா வெத்தல போடுறவ. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து கேக்கிறது?"

அந்தத் தீர்மானத்தை எழுதும்போது எனக்கு வெற்றிலை ஞாபகமே வரவில்லை. கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் வாயில் அந்த நேரமே வெற்றிலை இருந்தது! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. நேரத்தோடு கண்டால் குணமாக்கக் கூடியது. பெரியம்மாவுக்கு அந்த நேரத்தில் ஐந்து மாதத்தைத் தின்றது என் தீர்மானம். இப்போது மஹரகம கிளினிக்குக்கு ராத்திரி பஸ்ஸில் போய் வருகிறார்.

யார் உதவிக்குத் தகுதி என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து தீர்மானிப்பது நம் தோட்டத்தில் மட்டும் நடந்ததில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். வருமானம் எவ்வளவு, என்ன வேலை, எத்தனை பிள்ளை, கோயிலுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் தொழிற்சங்கத் தலைவர். இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேனே. 1972இல் அமெரிக்க அரசு அந்தச் சிகிச்சையின் செலவை ஏற்கச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு யார் நல்லவர் என்று பார்க்கக் கமிட்டி தேவைப்படவில்லை.

பொறுப்பு என்றால் எல்லோருடைய பொறுப்பையும் எண்ண வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் கடைகளைக் குத்தகைக்கு விட்டு அரசாங்கம் வருமானம் பார்த்தது. இன்றும் ஒவ்வொரு போத்தலிலும் வரி எடுக்கிறது. குடிப்பவன் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே காசு கட்டியவன் என்றுகூடச் சொல்லலாம். (கசிப்புக்கு ஏது வரி என்று ஒரு தோழர் கேட்டார். அதுவும் சரிதான்.) பனியில், அட்டைக்கடியில், காலைச் சாப்பாடு இல்லாமல் மலையேறும் பெண் பசி தெரியாமல் இருக்க வெற்றிலை போடுகிறாள். அந்தப் பழக்கத்தை அவளுடைய சொந்தப் பழக்கம் என்று எழுத எனக்கு இப்போது கை வரவில்லை.

இதற்காகக் குடி பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதர் அணித் தோழி ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அடிச்சவனுக்கு நாங்க வேன் காசு கொடுக்கணுமா?" அந்தக் கோபம் நியாயம். அடித்தால் பொலிஸுக்குப் போவோம், நானும் கூட வருகிறேன். ஆனால் வேன் காசை நிறுத்தியதால் ஒரு அடிகூடக் குறையவில்லை. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு முன் டொக்டர்களும் குடியைப் பற்றிக் கேட்கிறார்கள். இனிக் குடிப்பாயா, புது ஈரல் நிலைக்குமா என்று பார்ப்பது வைத்தியம். அதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்டது "ஏன் குடித்தாய்" என்பது. அதைக் கேட்டு ஒரு நோயும் மாறவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த வரியை அடிக்கும்படி கேட்பேன். காசைக் கையில் கொடுக்காமல் வேன்காரருக்கும் டெஸ்ட் எடுக்கும் இடத்துக்கும் நேராகக் கட்டலாம், குடித்துவிடுவார் என்ற பயம் வேண்டாம். வாயில் வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வாய் திறக்கக் கஷ்டமாக இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாலை பாடசாலை விட்டதும் நான் வீட்டில்தான் இருப்பேன். ஏன் போட்டாய் என்று கேட்கமாட்டேன்.