போய்ச் சேர்ந்ததா?

தனக்கு நேர்வதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். அந்தக் குறிப்புகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிஸ்லாக் முறையை 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கியவர் எரிக் ஆல்மன். பல காலமாக அதற்கு வாகனம் யுடிபி நெறிமுறை. சாதாரணத் தபால் மாதிரிதான்: பெட்டியில் போட்டதோடு சரி, ஒப்புகைச் சீட்டு கிடையாது.

இதில் லாபம் உண்டு. பெறும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் அனுப்பும் கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காது. ஆபத்தும் அதில்தான். வலைப்பின்னலில் நெரிசலோ கோளாறோ வரும்போது, அதாவது குறிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது சுவடின்றித் தொலைந்துபோகலாம். போலி முகவரியிலிருந்து பொய்க் குறிப்பு அனுப்புவதும் எளிது.

ரகசியம் காத்து அனுப்பும் டிஎல்எஸ் வழி 2009இல் தரமாக்கப்பட்டது. ஆனாலும் யுடிபி ஓயவில்லை. நாளை விசாரணைக்கு வேண்டிய குறிப்பென்றால், அனுப்பிய இடத்திலும் ஒரு நகல் இருப்பது நல்லது.