சாவிக்கொத்தின் மேல் பழி!

கார் நடுவழியில் நின்று விட்டால் முதலில் திட்டு வாங்குகிறவர் யார்? காரின் சொந்தக்காரர்தான்!

"எண்ணெய் மாற்றினீர்களா? கண்ட இடத்தில் பழுது பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள்.

கேட்பதில் தப்பு இல்லை. மாடு வாங்கியவர் தீனி போடத்தான் வேண்டும். ஆனால் அது பிறவியிலேயே நொண்டி என்றால்? தீனி போட்டு என்ன பயன்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

சுவிட்சில் கோளாறு

"ஜெனரல் மோட்டார்ஸ்" அங்கே பெரிய கார் கம்பெனி. அதன் "கோபால்ட்", "சாட்டர்ன் அயான்" முதலிய கார்களில், சாவி போட்டுத் திருப்பும் சுவிட்சில் ஒரு குறை இருந்தது. சாவியை அதன் இடத்தில் நிறுத்தும் பிடிப்பு போதவில்லை.

முழங்கால் பட்டால் போதும். கனமான சாவிக்கொத்து ஆடினால் போதும். சாவி தானாகத் திரும்பி விடும். ஓடுகிற காரில் என்ஜின் நின்று விடும்!

ஸ்டீரிங் கனத்து விடும். மோதும்போது விரிந்து உயிரைக் காக்க வேண்டிய காற்றுப் பையும் விரியாது.

இந்தக் குறை 2002-ம் ஆண்டிலேயே கம்பெனி என்ஜினீயருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சுவிட்சுக்குச் சம்மதம் கொடுக்கப்பட்டது.

குள்ளமானவர்கள் குற்றவாளிகளா?

புகார்கள் வந்தன. 2005 டிசம்பரில், காரை விற்கும் டீலர்களுக்குக் கம்பெனி ஒரு அறிக்கை அனுப்பியது. ஓட்டுகிறவர் குள்ளமாக இருந்து, சாவிக்கொத்தும் கனமாக இருந்தால் என்ஜின் நின்று விடலாம். கொத்தில் உள்ள தேவையற்ற சாமான்களை எடுத்து விடச் சொல்லுங்கள் என்றது.

எப்படி இருக்கிறது நியாயம்! வீட்டுச் சாவியையும் கார் சாவியையும் ஒரே வளையத்தில் கோர்ப்பது ஒரு குற்றமா?

டீலர் பாவம். வந்த அறிக்கையை அவர் ஒப்பித்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கம்பெனியோ 2006-ல் சுவிட்சைச் சத்தம் இல்லாமல் மாற்றியது. ஆனால் அதன் நம்பரை மாற்றவில்லை! எது பழையது, எது புதியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு விபத்து வழக்குக்காக நிபுணர் ஒருவர் இரண்டையும் பிரித்து அளந்து பார்த்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

2014-ல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 124 பேர் இறந்தார்கள் என்று கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதியே ஒப்புக்கொண்டது. 2015-ல் அரசாங்கத்துக்கு 90 கோடி டாலர் கட்டக் கம்பெனி சம்மதித்தது.

குறையைச் சரி செய்ய ஒரு சுவிட்சுக்கு ஆகும் செலவு? ஒரு டாலர் கூட இல்லை!

சொந்தக்காரர் மேல் குற்றம் இல்லை. டீலர் மேலும் இல்லை. தெரிந்தும் மறைத்தவர்கள் மேல்தான்.

ஒரு பெண்ணின் கதி

2004-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பெண் ஓட்டிய சாட்டர்ன் அயான் கார் மரத்தில் மோதியது. பக்கத்தில் இருந்த அவருடைய காதலர் இறந்தார். "கவனக்குறைவால் கொன்றாய்" என்று அந்தப் பெண் மீது வழக்கு. தண்டனையும் கிடைத்தது.

2014 நவம்பரில் நீதிபதி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். அதற்குள் பத்து ஆண்டுகள் போய் விட்டன.