கேன் - பெட்வா இணைப்பு: உபரிக் கணக்கில் வராத பசுமை நீர்

புது தில்லி: தேசிய நதிகள் இணைப்புத் திட்டத்தில் முதலாவதாகச் செயல்வடிவம் பெறும் கேன் - பெட்வா இணைப்புக்கு 2024 டிசம்பர் 25-ல் கஜுராஹோவில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரூ. 44,605 கோடி மதிப்பீட்டில், 221 கி.மீ. நீளக் கால்வாய் மூலம் மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவியுள்ள புந்தேல்கண்ட் பகுதியின் வறட்சியைப் போக்குவது இதன் நோக்கம். 10.62 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனமும், 62 லட்சம் பேருக்குக் குடிநீரும் கிடைக்கும் என்று மத்திய அரசு கூறுகிறது.

இத் திட்டத்தின் அடித்தளம் ஒரே ஒரு கணக்குதான். கேன் ஆற்றில் தேவைக்கு மேல் நீர் இருக்கிறது. பெட்வா ஆற்றில் பற்றாக்குறை நிலவுகிறது என்பதே அது. நான்கில் மூன்று ஆண்டுகளில் ஆற்றில் உறுதியாகக் கிடைக்கும் நீரின் அளவைக் கணித்து, அதிலிருந்து படுகையின் தேவைகளைக் கழித்து, மிஞ்சுவதை உபரி என்று அறிவிப்பது தேசிய நீர்வள மேம்பாட்டு முகமையின் வழக்கம். ஆற்றுக்கு வந்து சேராத மழைக்கு இக் கணக்கில் இடமில்லை.

மழையின் இரு பாதைகள்: மண்ணில் விழும் மழையில் ஒரு பகுதி ஓடையாகி ஆற்றையும் ஏரியையும் அடைகிறது, அல்லது ஆழத்துக்கு இறங்கி நிலத்தடி நீராகிறது. இதை நீரியல் வல்லுநர்கள் "நீல நீர்' என்கின்றனர். மற்றொரு பகுதி வேர்மண்டலத்தில் ஈரமாகத் தங்கி, பயிர்களும் மரங்களும் உறிஞ்சிய பின் ஆவியாக வானுக்குத் திரும்புகிறது. ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1990-களில் இதற்கு "பசுமை நீர்' என்று பெயரிட்டார்.

இதன் அளவு சிறிதன்று. மத்திய நீர் ஆணையமும் தேசியத் தொலையுணர்வு மையமும் இணைந்து 2019-ல் வெளியிட்ட மறுமதிப்பீட்டின்படி, நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை 3,880 பில்லியன் கன மீட்டர். அதில் நீர்வளமாகக் கணக்கிடப்பட்டது 1,999 பில்லியன் கன மீட்டர் மட்டுமே. எஞ்சிய ஏறத்தாழப் பாதியில் பெரும்பங்கு மண்ணிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் ஆவியானதாகும். நாட்டின் சாகுபடிப் பரப்பில் சுமார் பாதி மானாவாரி நிலம் என்பதை எண்ணிப் பார்த்தால், "இழப்பு' என்று ஒதுக்கப்படும் இந்த நீரே பருப்பு, எண்ணெய் வித்து, சிறுதானியங்களை விளைவிக்கிறது என்பது புலப்படும்.

அளக்கும் வழி: பசுமை நீரை ஆற்று நீரைப்போல் அளவுகோல் நட்டு அளக்க இயலாது. கணினி மாதிரியே வழி. அமெரிக்க வேளாண் துறையினர் உருவாக்கிய "ஸ்வாட்' எனும் மாதிரி, படுகையைச் சிறு சிறு பிரிவுகளாகப் பகுத்து, மழை, வெப்பம், நிலத்தின் சாய்வு, மண்ணின் தன்மை, பயிர் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீர் ஓடியது, எவ்வளவு மண்ணில் தங்கியது, எவ்வளவு ஆவியானது எனக் கணிக்கிறது. தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பருவநிலை மாற்றத்தின் விளைவை அறிய 12 ஆற்றுப் படுகைகளில் இதைப் பயன்படுத்தி, 2006-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஆக, தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல.

தடை வேறிடத்தில் இருக்கிறது. மாதிரியின் கணிப்பு சரிதானா என்பதை ஆற்றில் அளந்த நீரோட்டத்தோடு ஒப்பிட்டே அறிய முடியும். கேன் நதி யமுனையில் கலப்பதால் கங்கைப் படுகையைச் சேர்ந்தது. அப் படுகையின் நீரோட்டத் தரவுகளோ பன்னாட்டு நதி என்ற காரணத்தால் ரகசியப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. விளைவு, "உபரி' என்ற அறிவிப்பை அரசுக்கு வெளியே உள்ள எவராலும் முழுமையாகச் சரிபார்க்க இயலவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவும் 2019-ல் இத் திட்டம் குறித்துப் பல கேள்விகளை எழுப்பியது.

மேல்படுகையின் கேள்வி: புந்தேல்கண்டில் "ஹவேலி' என்ற பழைய முறை உண்டு. வயலைச் சுற்றிக் கரை எழுப்பி மழை நீரைத் தேக்கி, அக்டோபரில் வடித்துவிட்டு, மண்ணில் ஊறிய ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஜான்சி மாவட்டத்தின் பராசாய் - சிந்த் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஹவேலி சீரமைக்கப்பட்டதும் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்ததை "இக்ரிசாட்' ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஆனால் பசுமை நீரும் நீல நீரும் ஒரே மழையின் இரு பங்குகள். கேன் ஆற்றின் மேல்படுகையில் உள்ள சாகர், தமோ மாவட்ட விவசாயிகள் தங்கள் மண்ணில் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைத்தால், கீழே தெளதன் அணைக்கு வரும் நீர் குறையும். எவ்வளவு குறையும், அதற்கு ஈடாக விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதைப் படுகை முழுவதற்குமான மாதிரியே சொல்லும். அந்த விடை தெரியாமல் உபரி என்று தீர்மானிப்பது, மேல்படுகை விவசாயியின் பங்கை அவரைக் கேட்காமலேயே எழுதிக் கொடுப்பதாகும்.

காடும் வானும் இக் கணக்கில் அடக்கம். பன்னா புலிகள் காப்பகம் உள்பட 6,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வனநிலம் இத் திட்டத்துக்குத் தேவைப்படுகிறது. நதிகள் இணைப்பால் பாசனம் பெருகி ஆவியாதல் மாறும்போது, ஏற்கெனவே வறண்ட சில பகுதிகளில் செப்டம்பர் மாத மழை 12 சதவீதம் வரை குறையக்கூடும் என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பங்கேற்ற 2023-ஆம் ஆண்டு ஆய்வு எச்சரித்தது.

வறண்ட ஆண்டில் மண்ணின் ஈரம் மட்டும் தாகம் தீர்க்காது. அணையும் வேண்டும் என்ற அரசின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் முன்னுரிமையை நிதி ஒதுக்கீடு காட்டிக் கொடுக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளில் நாடு முழுவதும் 49.5 லட்சம் ஹெக்டேரில் நீர்ப்பிடிப்புப் பகுதிகளை மேம்படுத்த மத்திய அரசு திட்டமிட்ட தனது பங்கு ரூ. 8,134 கோடி. ஒரே ஒரு நதி இணைப்பின் மதிப்பீட்டில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆற்று நீர் ஜல் சக்தி அமைச்சகத்தின் பொறுப்பு. நீர்ப்பிடிப்புப் பணிகள் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறையிடம் உள்ளன. நாடாளுமன்றத்திலும் இவற்றை ஆராய்பவை இரு வேறு நிலைக்குழுக்கள். ஒரே மழையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் இந்த ஏற்பாட்டில், மண்ணில் தங்கும் நீருக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. அடுத்த இணைப்புக்கு அனுமதி கோரும் முன், இரு நீரையும் சேர்த்து மதிப்பிட்ட படுகைக் கணக்கை அவையின் முன் வைக்குமாறு உறுப்பினர்கள் அரசிடம் வலியுறுத்த வேண்டும்.