பதினைந்து வயதில் தொடங்கும் நுழைவுத் தேர்வு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இந்திய மேலாண்மை நிறுவனங்களில் (ஐஐஎம்) சேர்வதற்கான 'கேட்' பொது நுழைவுத் தேர்வு நாடு முழுவதும் நடைபெறுகிறது. 2024-ஆம் ஆண்டு ஏறத்தாழ 3.29 லட்சம் பேர் இதற்கு விண்ணப்பித்தனர், 2.93 லட்சம் பேர் தேர்வு எழுதினர். இவர்கள் போட்டியிடுவது சில ஆயிரம் இடங்களுக்கு. பழம்பெரும் நிறுவனமான அகமதாபாத் ஐஐஎம்-இன் முதன்மைப் பட்ட மேற்படிப்பில் உள்ள இடங்கள் 400 அளவில்தான்.

இந்தத் தேர்வைப் பற்றிப் பேசும் எவரும் தவறாமல் கூறும் அறிவுரை, 'முன்கூட்டியே தொடங்குங்கள்' என்பது. பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் 'முன்கூட்டியே' என்றால் ஓராண்டு. சற்று உயர்ந்த கட்டணத்துக்கு இரண்டாண்டு. ஆனால், சேர்க்கை விதிகளைப் படித்துப் பார்த்தால், தயாரிப்பின் தொடக்கப்புள்ளி கல்லூரியிலேயே இல்லை என்பது புலப்படும். அது பத்தாம் வகுப்பில் இருக்கிறது.

கேட் மதிப்பெண் மட்டுமே எவரையும் முன்னணி ஐஐஎம்-களுக்குள் அழைத்துச் செல்வதில்லை. நேர்காணலுக்கு யாரை அழைப்பது, இறுதியில் யாருக்கு இடம் கொடுப்பது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருக்கிறது. அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஆகிய மூன்று மூத்த நிறுவனங்களின் சூத்திரங்களிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு இடமுண்டு. அகமதாபாத் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பின்பற்றி வந்துள்ள முறையில், பத்தாம் வகுப்பில் 70 சதவீதத்தைத் தாண்டி 80 வரை பெற்றவருக்கு 5 புள்ளிகள். 80-ஐத் தாண்டினால் 8. 90-ஐத் தாண்டினால் 10. அதாவது 80 சதவீதத்தில் நின்றுவிட்ட மாணவருக்கும் 81 சதவீதம் பெற்ற மாணவருக்கும் இடையே மூன்று புள்ளிகள் வேறுபாடு. ஆண்டுத் தேர்வின்போது வந்த காய்ச்சலோ, பாதியில் மாற்றலாகிப் போன கணித ஆசிரியரோ ஏழாண்டுகள் கழித்து ஒரு மாணவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எண்ணாக உருமாறுவது இப்படித்தான்.

பிளஸ் 2 மதிப்பெண்ணுக்கும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கும் இதேபோன்ற படிநிலைகள் உள்ளன. பணி அனுபவத்துக்கும் புள்ளிகள் உண்டு; பெண்களின் எண்ணிக்கையை உயர்த்தும் நோக்கில் அவர்களுக்குச் சில புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பொறியியல் பட்டதாரிகளே வகுப்பறையை நிரப்பிவிடாமல் இருக்க, அகமதாபாத் நிறுவனம் விண்ணப்பதாரர்களைப் பட்டப்படிப்பின் துறைவாரியாகப் பிரித்து ஒப்பிடுகிறது. வரலாறோ பொருளியலோ படிக்கும் மாணவருக்கு இது சாதகமான செய்தி. ஆனால், நம் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதலாமாண்டு வகுப்புகளில் இந்தச் செய்தியை யார் சொல்கிறார்கள்?

பிரச்னையின் மையம் இதுதான். முன்கூட்டியே தயாராவது என்பதை உழைப்பு சார்ந்த ஒரு நற்பண்பாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது தகவல் சார்ந்த ஒரு சொத்து. பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் சொத்து. தந்தையோ அத்தையோ ஐஐஎம்-இல் படித்த குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணின் நீண்ட நிழல் தெரிந்திருக்கும். 2011-இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐஐஎம், இன்று புதுக்கோட்டை சாலையில் சூரியூரில் இயங்குகிறது. அதன் நுழைவாயிலைக் கடந்து அன்றாடம் பேருந்தில் செல்லும் முதல் தலைமுறை மாணவர், உள்ளே செல்வதற்கான கணக்கில் தனது பள்ளி மதிப்பெண்ணும் சேரும் என்பதைக் கல்லூரி இறுதியாண்டில்தான் அறிகிறார். அப்போது உழைப்பதற்கு மனம் இருந்தாலும் திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை.

தொடர்ந்து சீராகப் படித்து வந்தவரைத் தேர்ந்தெடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் நடக்கும் தேர்வை மட்டும் நம்புவது சரியல்ல என்பதும் நியாயமான வாதமே. பட்டப்படிப்பு மதிப்பெண்ணைப் பொருத்தவரை இதை ஏற்றுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோ, மாணவரின் திறனைவிட அவர் படித்த பள்ளியின் நிலையையும் வீட்டின் சூழலையும்தான் அதிகம் காட்டுகிறது. பெங்களூரு நிறுவனம் வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்தந்த வாரியத்தின் உயர் மதிப்பெண் நிலையோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறது. இது பாராட்டத்தக்கது. ஆயினும் வாரியங்களுக்கு இடையேயான ஏற்றத்தாழ்வைத்தான் அது சமன் செய்யும். ஒரே வாரியத்தின் கீழ் இயங்கும் மாநகரத் தனியார் பள்ளிக்கும் மலைக்கிராம அரசுப் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை அதனால் குறைக்க முடியாது.

இதற்கிடையே, நுழைவாயிலே இளம் வயதை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. பிளஸ் 2 முடித்த மாணவர்களுக்கான ஐந்தாண்டு ஒருங்கிணைந்த மேலாண்மைப் படிப்பை இந்தூர் ஐஐஎம் 2011-இல் தொடங்கியது. பின்னர் ரோத்தக், ஜம்மு, புத்த கயா நிறுவனங்களும் இதே வழியில் வந்தன. பதினேழு வயதில் மேலாண்மைக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் மனமுதிர்ச்சி ஒருவருக்கு இருக்குமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பதினேழு வயதில் இப்படியொரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்திருப்பதும், அதன் கட்டணத்தைப் பற்றி யோசிக்க முடிவதும் எத்தகைய குடும்பங்களில் சாத்தியம் என்பது வெளிப்படை.

அப்படியானால் உண்மையிலேயே முன்கூட்டித் தொடங்க வேண்டியவை எவை? முதலாவது வாசிப்பு. கேட் தேர்வின் கணிதப் பகுதி பெரும்பாலும் பள்ளிக் கணிதம்தான். சில மாத முறையான பயிற்சியில் அதை மீட்டெடுத்துவிடலாம். ஆங்கிலப் பகுதி அப்படிப்பட்டதல்ல. 2024 தேர்வில் அந்தப் பகுதியின் 24 வினாக்களில் 16, நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு விடையளிக்க வேண்டியவை. தத்துவம், சூழலியல், வரலாறு என்று எதைப் பற்றியும் பத்தி வரலாம். அதற்கான ஆற்றலை ஆறு மாதப் பயிற்சியில் விலைக்கு வாங்க முடியாது. நான்கைந்து ஆண்டுகள் நாள்தோறும் படித்தால்தான் வரும். நீட் தேர்வையும் ஜேஇஇ முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுதலாம். கேட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. ஐஐஎம்-களின் வகுப்பறை மொழியும் ஆங்கிலமே என்பதால், தேர்வைத் தமிழில் கேட்பதைவிட, தமிழ்வழியில் படித்த மாணவரைக் கல்லூரி முதலாண்டிலிருந்தே ஆங்கில வாசிப்புக்குப் பழக்குவதே பயன் தரும். இதற்குப் பயிற்சி மையம் தேவையில்லை. திறந்திருக்கும் ஒரு நூலகம் போதும். நம் கல்லூரி நூலகங்கள் பல, மாணவர் வகுப்பு முடிந்து வரும் நேரத்தில் மூடப்படுகின்றன என்பது வேறு சோகம்.

இரண்டாவது, யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று: சாதிச் சான்றிதழ். ஐஐஎம்-கள் மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள். அங்கு இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால், தமிழகத்தில் பள்ளிக் காலம் முதல் நாம் கையில் வைத்திருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்பதை மட்டும் கேட்டுவிட்டு, தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. பெற்றோரின் ஊதியமும் விவசாய வருமானமும் அந்த வரம்பில் கணக்கிடப்படுவதில்லை. அரசுப் பணியில் இருப்போருக்குப் பதவி நிலை சார்ந்த தனி அளவுகோல் உள்ளது. கேட் விண்ணப்பம் ஆகஸ்டில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. முடிந்த பிறகு பிரிவை மாற்ற இயலாது. எனவே, ஜூன், ஜூலை மாதங்களிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுவது, மாதிரித் தேர்வுகள் பத்து எழுதுவதைவிட முக்கியமானது.

பணத்தைப் பற்றியும் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். முன்னணி ஐஐஎம்-களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்த எண்ணைக் கேட்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் எத்தனையோ பேர். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரமான உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோருக்குப் பிணையமும் உத்தரவாததாரரும் இல்லாத கல்விக் கடனுக்கு வழிசெய்கிறது. இடம் கிடைத்த பிறகு கடன் தேடுவது ஒருவகை. கடன் கிடைக்கும் என்று தெரிந்து விண்ணப்பிப்பது வேறுவகை.

இவற்றைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முன்கூட்டிய தயாரிப்பு என்ற பெயரில், கல்லூரி முதலாண்டிலேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து, வகுப்புகளைத் தவறவிட்டு, பட்டப்படிப்பு மதிப்பெண்ணை இழப்பது அறிவுடைமை ஆகாது. இழப்பது சூத்திரத்தில் இடம்பெறும் மதிப்பெண்ணை மட்டுமல்ல. நேர்காணலில் வினாக்கள் பெரும்பாலும் விண்ணப்பதாரர் படித்த பாடத்திலிருந்தே எழும். மூன்றாண்டு படித்த பாடத்தில் அடிப்படைக் கேள்விக்கே பதில் சொல்லத் தடுமாறுபவரை, எத்தனை உயர்ந்த பெர்சென்டைலும் காப்பாற்றாது. வேலைக்குச் சென்று ஈராண்டு கழித்து விண்ணப்பிப்பதும் தாமதம் அல்ல. குடும்பத்துக்கு வருமானம் உடனடியாகத் தேவைப்படும் மாணவருக்கு அதுவே பொருத்தமான பாதையாக இருக்கக்கூடும்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் உயர்கல்வி வழிகாட்டுதலை அரசுப் பள்ளிகளுக்குள் கொண்டு சென்றிருக்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்று பேசப்படும் அந்த வகுப்புகளில் மேலாண்மைக் கல்வியின் சேர்க்கை விதிகளும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இடம்பெற வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஓபிசி சான்றிதழுக்கான சிறப்பு முகாம்களை வட்டாட்சியர் அலுவலகங்களோடு இணைந்து கல்லூரி வளாகங்களிலேயே நடத்தலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல.

ஐஐஎம்-களின் பொறுப்பு இதைவிடப் பெரிது. 2017-ஆம் ஆண்டின் சட்டம் அவற்றுக்கு விரிவான தன்னாட்சியை அளித்திருக்கிறது. சூத்திரத்தை வகுக்கும் உரிமை அவற்றினுடையது. ஆனால், சேர்க்கைக் கொள்கை அந்தந்த ஆண்டுக்கானதாகவே அறிவிக்கப்படுகிறது. 2026 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும் மாணவி, 2028-இல் பிளஸ் 2 முடித்து, மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், 2030 நவம்பரில் கேட் தேர்வுக்கு அமர்வார். அவருடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எப்படி எடைபோடுவது என்ற விதி 2030-இல்தான் எழுதப்படும். பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்வதென்றால், அந்த மதிப்பெண் பெறப்படுவதற்கு முன்பே விதி வெளியாக வேண்டும். அது இயலாதென்றால், பத்தாம் வகுப்பைச் சூத்திரத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.