தோல்விக்குப் பொறுப்பு யார்? கோச்சா, பிளேயரா?

2020 டிசம்பர் 12. புளோரிடா பல்கலைக்கழக மைதானத்தில் பனிமூட்டம். நாட்டின் முதல் ஆறு டீம்களில் ஒன்றான புளோரிடா, அந்த வருடம் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த லூசியானா ஸ்டேட்டுடன் 34-34 என்று சமநிலையில் நிற்கிறது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. எதிரணியைத் தடுத்தாகிவிட்டது, பந்து புளோரிடா கைக்கு வரப்போகிறது. அப்போது புளோரிடாவின் மார்கோ வில்சன் ஒரு காரியம் செய்தார். எதிரணி ஆட்டக்காரர் ஒருவரின் ஷூ கழன்று கையோடு வந்துவிட்டது. சந்தோஷத்தில் அதைத் தூக்கி இருபது கெஜ தூரத்துக்கு வீசிவிட்டார்.

நடுவர் விசில் ஊதினார். 15 கெஜம் அபராதம். போகவேண்டிய பந்து லூசியானா ஸ்டேட்டிடமே தங்கியது. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய கிக்கர் 57 கெஜத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினார். 37-34. புளோரிடா காலி!

(பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, ஹெல்மெட் போட்ட அமெரிக்க ஆட்டம். காலுக்கு வேலை கம்மி. பெயர் மட்டும் ஃபுட்பால்.)

இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு? சந்தேகமே வேண்டாம், ஷூவை எறிந்தவர்தான். எந்த கோச்சும் ஷூ எறியச் சொல்லிக் கொடுப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரேடியோவிலும் இணையத்திலும் நடக்கும் "கோச்சா, பிளேயரா" பஞ்சாயத்தில் இவ்வளவு தெளிவான கேஸ் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். புளோரிடா கோச் டேன் மல்லனின் வேலை அந்த ஷூவால் போகவில்லை. ஒரு வருடம் கழித்து 2021 நவம்பரில்தான் போனது. அப்போது டீம் 5 வெற்றி, 6 தோல்வி என்று இருந்தது. ஷூ ஒரு மேட்சைத்தான் தின்றது. ஒரு சீசனே போவதற்கு வேறு காரணங்கள் வேண்டும். கணக்கு இங்கேதான் பிரிகிறது. ஒரு சனிக்கிழமையை ஒரு பையன் தோற்கலாம். ஒரு வருடத்தைத் தோற்பவர் கோச்.

ஒரு சனிக்கிழமையைக்கூட எல்லா நேரமும் பையன் தலையில் கட்ட முடியாது. 2013 நவம்பர் 30, அலபாமாவும் ஆபர்னும் மோதிய மேட்ச். நாட்டில் முதலிடத்தில் இருந்தது அலபாமா. அதன் கிக்கர் கேட் ஃபாஸ்டரின் மூன்று ஃபீல்டு கோல் முயற்சிகளும் அன்று பலிக்கவில்லை. ஸ்கோர் 28-28. கடிகாரத்தில் ஒரே ஒரு விநாடி. அந்த விநாடியும் கோச் நிக் சேபன் நடுவரிடம் வாதாடி வாங்கியது! அதை வைத்து அவர் ஒரு முடிவு எடுத்தார். ஆடம் கிரிஃபித்தை 57 கெஜத்திலிருந்து உதைக்கச் சொன்னார். பந்து குட்டையாகப் போய் விழ, எல்லைக்கோட்டுக்குப் பின்னால் காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடிவிட்டார். உதைக்கு அரணாக நிற்பவர்கள் பெரும்பாலும் கனத்த உடம்புக்காரர்கள். ஓடுகிறவனைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அவர்களிடம் கிடையாது. 34-28, ஆபர்ன் வெற்றி.

விநாடியைக் கேட்டு வாங்கியது, அந்தத் தூரத்திலிருந்து உதைக்கச் சொன்னது, களத்தில் யார் நிற்பது என்று வைத்தது எல்லாம் பெஞ்சுப் பக்கம் எடுத்த முடிவுகள். அன்றிரவு கொலைமிரட்டல் வந்தது யாருக்கு? ஃபாஸ்டருக்கு. ட்விட்டரில், பெயர் போட்டு. ஒரு கல்லூரி மாணவன் மூன்று உதை தவறினான் என்பதற்காக! அவருடைய பனியன் எண் 43. நாட்டின் 43-வது ஜனாதிபதியான ஜார்ஜ் புஷ் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையால் ஆறுதல் கடிதம் எழுதி அனுப்பும் அளவுக்கு விஷயம் போனது.

சரி, சீசனுக்கு வருவோம்.

நெப்ராஸ்கா ஒரு நல்ல பாடம். 2021-ல் அந்த டீம் 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதில் ஒன்றுகூட இரட்டை இலக்க வித்தியாசத்தில் இல்லை. அந்த வருடம் முழுக்க அடித்த புள்ளிகளையும் வாங்கிய புள்ளிகளையும் கூட்டிக் கழித்தால் நெப்ராஸ்கா 63 புள்ளி முன்னால் நிற்கிறது! அதாவது டீமில் சரக்கு இருந்தது. ஜெயிக்கத்தான் தெரியவில்லை. "பையன்கள் கடைசி நேரத்தில் சொதப்பிவிட்டார்கள், கோச் என்ன செய்வார்" என்று அனுதாபப்பட்டவர்கள் நிறைய.

ஒரு வருடம் என்றால் அதை ஒப்புக்கொள்ளலாம். கோச் ஸ்காட் ஃப்ராஸ்டின் நெப்ராஸ்கா காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், எட்டுப் புள்ளி அல்லது அதற்குள் முடிந்த மேட்ச்களில் 5 வெற்றி, 22 தோல்வி. இத்தனை வருடத்தில் குவார்ட்டர்பேக் மாறினார், கிக்கர் மாறினார், பட்டம் வாங்கிப் போனவர்கள் போக புதியவர்கள் வந்தார்கள். மாறாமல் இருந்தவர் ஒருவர்தான். 2022 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுடன் ஆடும்போது 28-17 என்று முன்னணியில் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஆன்சைடு கிக்! பந்தை எதிரணிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்கவேண்டிய இடத்தில் குட்டையாக உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்ப்பது. பின்தங்கியவர்கள் வேறு வழியில்லாமல் செய்கிற வேலை. பலிக்கவில்லை, ஆட்டம் திரும்பிவிட்டது. 31-28 என்று தோல்வி. அடுத்த மாதம் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மண்ணில் 45-42 என்று தோற்றதும் ஃப்ராஸ்டை அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அவருக்குக் கொடுக்கவேண்டிய தொகை 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். பொறுக்க முடியவில்லை.

இதே ஃப்ராஸ்ட்தான் அதற்கு முன் சென்ட்ரல் புளோரிடாவில் பெரிய ஹீரோ. 2015-ல் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் 0-12 என்று கிடந்த டீமை இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கியவர். அதனால் "கெட்ட கோச்" என்று முத்திரை குத்துவதும் அவ்வளவு சுலபமில்லை.

"பிளேயர்தான் காரணம்" என்று சொல்பவர்கள் கையிலும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. சேபன் அலபாமாவுக்கு வந்த முதல் வருடம் 2007. முந்தைய கோச் சேர்த்துவிட்டுப் போன பையன்களை வைத்து 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்ரோ என்ற சின்னக் கல்லூரியிடம் சொந்த மைதானத்திலேயே 21-14 என்று தோற்றார்கள். இரண்டு வருடம் கழித்து அதே சேபன் 14-0, தேசிய சாம்பியன். நடுவில் என்ன நடந்தது? 2008-ல் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்கிராம் மாதிரியான பையன்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள். இங்கிராம் 2009-ல் ஹைஸ்மன் டிராபியே வாங்கிவிட்டார்.

புளோரிடா ஸ்டேட் இன்னும் பளிச்சென்ற உதாரணம். 2023-ல் தொடர்ந்து 13 வெற்றி. 2024-ல் 2 வெற்றி, 10 தோல்வி. இரண்டு வருடமும் கோச் மைக் நார்வெல்தான். இடையில் அந்த டீமிலிருந்து பத்துப் பேரைத் தொழில்முறை அணிகள் டிராஃப்டில் தூக்கிக்கொண்டு போய்விட்டன. ஆக, திறமை போனதும் வெற்றியும் போனது. அப்படியானால் பிளேயர்தானே எல்லாம்?

இங்கேதான் பலர் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். தொழில்முறை ஃபுட்பாலில் புதிய ஆட்களை டிராஃப்ட் முறையில் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்வார்கள். கோச்சுக்கு வாய்த்தது வாய்த்ததுதான். கல்லூரியில் அப்படி இல்லை. கோச்சே ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடப் பையனின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அம்மா அப்பாவிடம் பேசி, ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிவருகிறார். 2021-க்குப் பிறகு மாணவர்கள் ஒரு வருடம் உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று ஆனதால், மற்ற டீம்களிலிருந்தும் ஆள் பிடிக்கலாம். ஆகவே மூன்றாம் நான்காம் வருடத்தில் நிற்கிற ஒரு கல்லூரி கோச் "என் பையன்கள் சரியில்லை" என்றால், "எனக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை" என்று அவரே எழுதிக் கொடுத்த மாதிரி. ஜூலியோ ஜோன்ஸை அலபாமாவுக்குக் கொண்டுவந்தது சேபன். போன பத்துப் பேருக்குப் பதிலாக யாரைக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது நார்வெல்.

நல்ல ஆட்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-ல் சேர்த்த புதுமாணவர் குழுவைத் தரவரிசையில் நாட்டிலேயே முதலிடத்தில் வைத்தார்கள். அந்த வருடம் டீம் 5-7! அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்றார்கள். கோச் ஜிம்போ ஃபிஷரை 2023 நவம்பரில் வெளியே அனுப்ப அந்தப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். தோற்றதற்கு இவ்வளவு கூலி வேறு எந்த வேலையில் கிடைக்கும்?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கதை. 2023-ல் 3-9 என்று கிடந்த இந்தியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி வந்தார். பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் ஆட்கள் பத்துப் பேருக்கு மேல் கூடவே வந்துவிட்டார்கள். 2024-ல் 11 வெற்றி, 2 தோல்வி. 2025 டிசம்பரில் ஒஹையோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று பிக் டென் பட்டம். ஜெயித்தது பையன்கள்தான். அந்தப் பையன்களைக் கண்டுபிடித்தது ஒரு ஆள்.

"இப்போதுதான் பிளேயர்களும் காசு வாங்குகிறார்களே, திட்டினால் என்ன?" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. பாதி நியாயம். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-ல் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஆனது. காசு வாங்குகிறவன் ஆட்டத்தை விமர்சித்தால் அவன் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காசு எல்லாருக்கும் சமமாகப் போவதில்லை. குவார்ட்டர்பேக் வாங்குவதும் மாற்று கிக்கர் வாங்குவதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திட்டு மட்டும் சமமாக, சில நேரம் கிக்கருக்குக் கொஞ்சம் கூடவே, கிடைக்கிறது.

பையன்களுக்கு மன உறுதி இல்லை, கடினமாக உழைக்கவில்லை என்ற பேச்சில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உறுதி இல்லை என்று முடிவு கட்டிவிட்டால் மருந்து என்ன? இன்னும் ஓடவை, விழுந்தாலும் எழுப்பி ஓடவை. 2018 மே 29-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பயிற்சியில் தொடர் ஓட்டத்தின்போது ஜோர்டன் மெக்நேர் என்ற மாணவர் வெப்பத்தால் நிலைகுலைந்தார். உடல் சூட்டை அளக்கவில்லை, குளிர்ந்த நீரில் இறக்கவில்லை. ஜூன் 13-ல் இறந்துபோனார். வயது 19. அந்த டீமில் பேசப் பயந்துகொண்டு பையன்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. அக்டோபர் 30-ல் கோச்சைத் திரும்ப வேலையில் சேர்த்தார்கள். மாணவர்கள் கொதித்தார்கள். மறுநாளே நீக்கினார்கள். களத்தில் "என்னால் முடியவில்லை" என்று சொல்லும் உரிமைகூட இல்லாதவனிடம் போய்த் தோல்விக்குப் பொறுப்பு கேட்பதா?

கோச்கள் சிலர் பழியைத் தாங்களே ஏற்கத்தான் செய்கிறார்கள். அதில் புகழ்பெற்றது ஓக்லஹோமா ஸ்டேட் கோச் மைக் கன்டியின் 2007 செப்டம்பர் பேச்சு. தன் குவார்ட்டர்பேக் பாபி ரீடைக் குறைசொல்லி ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தது. நிருபர்கள் கூட்டத்தில் கன்டி வெடித்தார். எழுதுவதானால் என்னைப் பற்றி எழுது, பையனை விடு, நான் ஆம்பளை, எனக்கு நாற்பது வயது என்று கத்தினார். இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

நல்ல பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சுக்கு முன்பே ரீடை உட்காரவைத்துவிட்டு அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தவரும் கன்டிதான். கட்டுரையைப் படித்தவர்கள் ஒரு ஊர்க்காரர்கள். கோச்சின் கத்தலுக்குப் பிறகு நாடு முழுவதும் ரீடைத் தெரிந்துகொண்டது, "கோச் காப்பாற்ற வேண்டியிருந்த பையன்" என்று. அந்தப் பேச்சு தனக்குக் கெடுதல்தான் செய்தது என்று ரீட் மறுவருடம் சொன்னார். அதற்குள் அவர் டெக்சஸ் சதர்ன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார். கன்டி அதே ஊரில் அதே வேலையில் 2025 செப்டம்பர் வரை இருந்தார். அந்த மாதம் ஆரிகனிடம் 69-3, டல்சாவிடம் 19-12 என்று அடுத்தடுத்துத் தோற்ற பிறகுதான் அனுப்பினார்கள்.