போகும் பணம் திரும்பி வருமா?



55 வயதை எட்டியதும் நம்மவர் கையில் சேமநிதிப் பணம் வந்து சேர்கிறது. 2024 மே 11 முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கும் வந்துவிட்டதால், அந்த வயதுக்கு முன்பே அதிலுள்ள சிறு பகுதியை வேண்டியபோது எடுக்கலாம். கையில் வெள்ளி இருக்கிற சேதி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். "மலிவா ஒரு ஏக்கர் வயல் வருதுண்ணே. வாங்கிப் போடு. வேணுங்கிறப்ப வித்துக் காசைக் கொண்டு போயிக்கலாம்" என்று தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல் தொலைபேசியில் கேட்கும்.

இந்த ஆசை சும்மா வந்ததல்ல. தோட்டத்து வீடு கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போச்சு. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத பல்லாயிரம் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு கப்பலேறியதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 'அங்கே ஒரு காணி இருந்தால் தேவலை' என்ற எண்ணம் அப்போதே ஆழமாக வேர் விட்டது. ஆனால், வாங்கியதை விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டு வர முடியுமா? இதைத்தான் யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியக் குடிமகன் இந்தியாவில் வீடோ மனையோ விலைக்கு வாங்க வேண்டுமானால், இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை கையில் இருக்க வேண்டும். அட்டை இருந்தாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வரும் பங்கு வேறு; விலைக்கு வாங்குவது வேறு. ஆக, அந்த ஒரு ஏக்கர் வயல் உங்கள் பெயரில் பதிவாகவே வழியில்லை.

அப்போதுதான் அடுத்த யோசனை வரும்: "என் பேருல எழுதிக்கலாம்ணே, நான் என்ன ஓடியா போகப்போறேன்?" தம்பி நல்லவராகவே இருக்கட்டும். சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டப்படி, "பணம் என்னுது, பேரு மட்டும் அவனோடது" என்று வழக்குப் போட்டுச் சொத்தை மீட்க முடியாது. மனைவி, பிள்ளை பெயரில் வாங்குவது போன்ற சில விலக்குகள் உண்டு. தம்பி ஒருவர் பெயரில் மட்டும் எழுதியது அதில் சேராது. 2016 நவம்பர் முதல் இத்தகைய சொத்தை அரசாங்கமே பறிமுதல் செய்யவும் இடமிருக்கிறது. தம்பி காலமாகி அவர் பிள்ளைகள் தலையெடுத்தால், நீங்கள் யாரிடம் போய் நிற்பீர்கள்?

அடுத்தது, பணம் போகும் வழி. உண்டியலில் கொடுத்தால் விரைவாகப் போய்ச் சேரும், கூலியும் குறைவு என்கிறார்கள். உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே குற்றம். அதைவிடப் பெரிய நட்டம், உங்கள் கையில் துண்டுச் சீட்டுகூட மிஞ்சாது. வங்கி மூலம் போன பணத்துக்குத்தான் அத்தாட்சி உண்டு. விற்ற பணத்தை வெளியே எடுக்கப் போகும்போது, "வாங்கிய பணம் எப்படி வந்தது?" என்று அங்குள்ள வங்கி கேட்கும். அன்று வாயால் சொல்லும் கதை செல்லாது.

மூன்றாவது, பத்திரத்தில் எழுதும் விலை. மனையின் விலை 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "ஆறு லட்சம்னு எழுதுவோம், மிச்சம் ரொக்கமா குடுங்க, பதிவுச் செலவு குறையும்" என்பார் விற்பவர். சில ஆண்டு கழித்து 15 லட்சத்துக்கு விற்கிறீர்கள். உண்மை லாபம் 3 லட்சம். பத்திரப்படி 9 லட்சம். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தின் லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 விழுக்காடு. 37,500 ரூபாய் கட்ட வேண்டியவர் 1,12,500 ரூபாய் கட்ட நேரும். மேல்வரி தனி.

வழி சரியாக இருந்தால் பணம் திரும்பி வரும். விற்ற தொகை என்.ஆர்.ஓ. கணக்கில் விழும், வரி கட்டி, ஆடிட்டர் சான்றிதழ் கொடுத்து, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை எடுக்கலாம். நம்மவருக்கு அந்த வரம்பு ஒரு தடையே அல்ல. தடையெல்லாம் காகிதத்தில்தான்.

நாணய மாற்றையும் கணக்கில் வையுங்கள். 1980-இல் ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய மூன்றரை ரூபாய் கிடைத்தது; 2025-இல் அது இருபதைத் தாண்டிவிட்டது. ரூபாயில் விலை ஐந்து மடங்கு ஏறியிருந்தாலும், வெள்ளியில் பார்த்தால் போட்ட முதல்கூடச் சரியாகத் தேறாது!

ஆகவே அன்பர்களே, இங்கே சொந்தக் கூரை இல்லாதவர் முதலில் அதைத் தேடட்டும். வீடு வாங்கச் சேமநிதி தரும் பணமும் இந்நாட்டு வீட்டுக்கு மட்டுமே. அதற்குப் பிறகும் ஊரில் வாங்கத்தான் வேண்டுமென்றால், சொந்தப் பெயர், வங்கி வழி, முழு விலைப் பத்திரம், இந்த மூன்றில் ஒன்றையும் விட்டுக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வங்கிச் சீட்டையும் பத்திரத்தையும் ஒரே உறையில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பால் வெட்டியும் குலை தள்ளியும் சேர்த்த காசு அது.