‘புரியல’ன்னா எது புரியல?

திரைப்படப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் குறும்படம் எடுத்து வைத்துக்கொண்டு, ‘கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே’ என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது சேரிகளிலிருந்தும் வருகிறார்கள். செல்பேசியிலேயே எடுத்து அதிலேயே வெட்டி ஒட்டலாம் என்று ஆனபிறகு கேமரா வாடகைக்கு அம்மாவின் கம்மலை அடகு வைக்கிற நிலைமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எடுத்த படத்தை அடுத்தவர் கண்ணால் திரும்பப் பார்க்கிற வேலை இன்னும் நமக்குக் கைகூடவில்லை. பார்த்துச் சொல்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள், அதில் எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்பதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. ‘மாற்று சினிமா’ பற்றி மட்டும் விடிய விடியப் பேசுகிறோம்.

இது பொழுதுபோக்கு விவகாரம் கிடையாது. புனே (1960), கொல்கத்தா (1995) நிறுவனங்களில் எழுத்துத் தேர்வு தாண்டி நேர்காணல் இருக்கிறது. அகமதாபாத் என்.ஐ.டி. நேர்காணலுக்குப் போகிறவர்கள் செய்த வேலைகளின் தொகுப்பை, அதான் போர்ட்ஃபோலியோ என்கிறார்களே, அதைக் கையில் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் விண்ணப்பத்தோடேயே படத்தை அனுப்பச் சொல்கிறார்கள். ஆக அந்த எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோதான் பிள்ளைக்குப் பதிலாக அந்த அறைக்குள் போய் நிற்கிறது. அப்பா எடிட்டர், சித்தப்பா ஒளிப்பதிவாளர் என்றிருக்கிற வீட்டில் படம் சாப்பாட்டு நேரத்திலேயே பத்துத் தடவை பார்க்கப்பட்டு, திட்டு வாங்கி, திருத்தப்பட்டுத்தான் வெளியே போகிறது. அதற்கு அங்கே ‘திறமை’ என்று பெயர். நம்ம பிள்ளை கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது யாரோ ஒருத்தரைத் தேடிப்பிடித்து ஒரே ஒரு தடவை காட்டுகிறது. அவர் சொல்கிற ஒரு வார்த்தையில் தலைகீழாகிவிடுகிறது. (கல்விக்கடன் படிவங்கள் வந்துபோகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். பொறியியலுக்குக் கேள்வி கேட்காமல் கைநீட்டி வாங்குகிற படிவத்தை, சினிமாப் படிப்பு என்றதும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அது வேறு கதை.)

யாரிடம் காட்டுகிறார்கள்? முதலில் கோடம்பாக்கத்து உதவி இயக்குநர் அண்ணன்கள். டீக்கடையில் நின்றபடியே செல்பேசியில் பார்ப்பார்கள். ‘கடைசில ஒரு ட்விஸ்ட் வெய்யி தம்பி, செமையா இருக்கும்.’ கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ வந்தபிறகு, குறும்படம் என்றால் நடுவர்கள் முன்னால் ஒப்பிக்கிற சாமர்த்தியம், கடைசி நிமிஷத் திருப்பம் என்று ஒரு அச்சு தமிழில் விழுந்துவிட்டது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் அங்கிருந்து வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியில் சேர்க்கிறவனுக்கு உன் திருப்பம் வேண்டாம். நீ எதைப் பார்க்கிறாய், எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டும். அதை டீக்கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

அடுத்து நம் தோழர்கள். கூட்டம் முடிந்து சுவரில் வேட்டி கட்டிப் படம் போடுவோம். முடிந்ததும் கைதட்டல். ‘அற்புதம் தோழர்’, ‘அடி வயித்துல அறைஞ்ச மாதிரி இருக்கு.’ அவ்வளவுதான், கலைந்துவிடுவோம். படத்தில் நன்றி சொல்கிற பெயர்ப்பட்டியலே ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். நடுவில் மூன்று இடத்தில் கேமரா காரணமில்லாமல் ஆடியிருக்கும். கடைசி ஷாட்டில் அண்ணல் அம்பேத்கர் படத்தைக் காட்டிவிட்டால் படம் தானாக முடிந்துவிடும் என்று எடுத்தவர் நம்பியிருப்பார். ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. நம்ம பிள்ளை மனசு ஒடிஞ்சிடக் கூடாதாம். எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கரிசனம் இருக்குமா? பாசத்தால் நாம் சொல்லாமல் விட்டதை அவன் ஏளனத்தோடு சொல்வான். அதுவும் பிள்ளையிடம் சொல்லமாட்டான், மதிப்பெண் தாளில் சொல்வான்.

மூன்றாவது ஆள்தான் சிக்கலானவர். நகரத்தில் உலக சினிமா பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர். அவருக்கென்று சில சொற்கள் உண்டு. ‘ரொம்ப ரா-வா இருக்கு.’ ‘கோபம் தூக்கலா தெரியுது.’ ‘யூனிவர்சலா இல்ல.’ கவிதை அனுப்பியபோது ‘கோஷமாக இருக்கிறது’ என்று திரும்பி வந்ததே, அதே கை, வேறு தபால். இவர் சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது, முழுக்க விழுங்கவும் முடியாது. நிஜமான குறையும், அவருடைய சாதியின் ருசியும் ஒரே வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கும். இதைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளாததால் நம் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சொன்னதையெல்லாம் கேட்டுப் படத்தைச் சலவை செய்துவிடுகிறார்கள். அல்லது ‘இவனுங்க பாப்பாரப் பாட்டு பாடுறானுங்க’ என்று மொத்தத்தையும் உதறிவிட்டு, சரிசெய்ய வேண்டியதையும் சரிசெய்யாமல் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்குத்தான்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, செங்கல் சூளையில் வேலை செய்யும் தன் அம்மாவைப் பற்றி ஒன்பது நிமிஷப் படம் எடுத்தாள். நகரத்தில் ஒரு பெரியவரிடம் காட்டியதற்கு அவர் சொன்னது: ‘அம்மா பேசுறது புரியல. ஆடியோ மோசம்.’ இவள் உடனே யாராவது ‘நல்ல’ குரலை வைத்து டப்பிங் செய்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நில்லு தாயீ! புரியலன்னா எது புரியல? ஒலிவாங்கி தூரத்தில் இருந்து காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கியதா, இல்லை உன் அம்மா பேசுகிற தமிழ் அவர் காதுக்குப் பழக்கமில்லையா? முதலாவது உன் குறை. இரண்டாவது அவருடையது. கண்டுபிடிக்க வழி சுலபம். உன் தெருவிலேயே மூன்று பேரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு படத்தைக் கேட்கச் சொல். அவர்களுக்கும் விளங்காத இடம் எல்லாம் ஒலிவாங்கிக் குறை. விளங்கின இடத்தில் கை வைக்காதே. அப்படிச் செய்தபோது ஒன்பது நிமிஷத்தில் இரண்டே இடம்தான் நிஜமாகக் கெட்டிருந்தது. அந்த இரண்டை மட்டும் அதே அம்மாவை உட்காரவைத்து, செல்பேசியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துத் திரும்பப் பதிவு செய்தாள். மிச்சத்துக்குத் துணையுரை போட்டால் போதும். அதையும் தமிழ் தெரியாத ஒருத்தரிடம் படிக்கக் கொடுத்து, என்ன விளங்கியது என்று கேட்டுவிட வேண்டும். ‘மேஸ்திரி வர்றாருடி’ என்பதில் இருக்கிற அந்த ‘டி’ ஆங்கிலத்தில் போய்ச் சேராது. அது முகத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த மராத்திப் படத்துக்கு ‘ஃபன்றி’ என்று பெயர் வைத்தார். கைக்காடி மொழியில் பன்றி. நம் ‘பன்றி’யேதான், தூரத்துச் சொந்தம். மராத்திக்காரர்கள் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கும்? ‘புரியல, மாத்து’ என்று யாராவது சொல்லி அவரும் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதற்கு முன்னால் 2009இல், மாணவராக இருந்தபோது அவர் எடுத்த ‘பிஸ்துல்யா’ என்ற குறும்படமே தேசிய விருது வாங்கியது. இங்கே 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது ‘கொச்சை’ என்று மூக்கைப் பொத்தியவர்களும் ‘புரியல’ கட்சிதான்.

அதே பெண்ணின் படத்துக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் எங்கேயிருந்து வந்தது தெரியுமா? சூளையிலிருந்து. அம்மாவும் கூட வேலை செய்கிற நாலைந்து பெண்களும் பார்த்தார்கள். முதல் கேள்வியே, ‘நாங்க கல்லு அறுக்கும்போது பேசிக்கினு சிரிச்சிக்கினுதான இருப்போம், நீ எதுக்குடி எழவு வூட்டுப் பாட்டு போட்டு வெச்சிருக்க?’ எங்கேயோ இலவசமாக இறக்கின சோக வயலின் அது. இரண்டாவது, ‘அறுத்த கல்லு காயவே இல்ல, அதுக்குள்ள சூளையில அடுக்குறாங்க. ஈரக்கல்லு நெருப்புல வெடிச்சிப் பூடும்டி.’ எடிட்டிங்கில் நடுவே ஒரு வாரம் காணாமல் போனதை, உலக சினிமாப் பெரியவர் கண்டுபிடிக்கவில்லை. கல் அறுக்கிறவள் கண்டுபிடித்தாள். வயலினை எடுத்துவிட்டு, காய்கிற கல் வரிசையை ஐந்தாறு நொடி சும்மா காட்டியதும் படத்துக்கு மூச்சு வந்தது.

இது புது விஷயமும் இல்லை. ழான் ரூஷ் என்ற பிரெஞ்சுக்காரர் 1951இல் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படம் பிடித்தார். பிறகு அந்த மீனவர் ஊருக்கே கொண்டுபோய்த் திரையிட்டுக் காட்டினார். வேட்டைக்காரர்களுக்கு வீரமேற்றுகிற அவர்களுடைய பாட்டையே வேட்டைக் காட்சியில் பின்னணியாகப் போட்டிருந்தார். பார்த்தவர்கள், ‘நீர்யானைக்குக் காது இருக்கிறது, இந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போகும், வேட்டையில் சத்தம் கூடாது’ என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் இசையை எடுத்துவிட்டார். காலனி ஆட்சி நடந்த காலத்தில், ஆளும் நாட்டுக்காரன் ஒருத்தன் கேட்டுக்கொண்டான். நாம் நம் அம்மாக்களிடம் கேட்பதில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு: ‘முகமே தெரியல, லைட்டிங் வராது உனக்கு.’ இதிலும் இரண்டு பின்னல் இருக்கிறது. கறுத்த முகத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தால் செல்பேசி சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருட்டாகும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டினால், அல்லது பின்னால் ஒரு அழுக்குப் போர்வையைக் கட்டினால் தீர்ந்தது. இது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, கோபப்பட எதுவும் இல்லை. ஆனால் கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட ‘ஷர்லி’ அட்டையை வைத்துத்தான் நிறம் சரிபார்க்கச் சொன்னது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘தொழில்நுட்பம்’ என்று சொல்லிவிட்டால் அது சாதி, நிறம் பார்க்காது என்று நம்ப வேண்டியதில்லை.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக்காரர் 1990இல் இதற்கு ஒரு முறை வகுத்தார். பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு எது பதிந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அப்புறம் பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் அபிப்பிராயம் ஒளிந்திருக்கிற கேள்வியாக இருக்கக் கூடாது. கடைசியில், படைத்தவர் ‘சொல்லுங்க’ என்றால் மட்டும் அபிப்பிராயம். நமக்கு இது கொஞ்சம் நாசூக்காகத் தெரியலாம். அப்படியானால் வங்கி முறையையாவது வைத்துக்கொள்வோம். ஒரு காசோலையைத் திருப்பி அனுப்பினால் சும்மா ‘சரியில்லை’ என்று அனுப்ப முடியாது. கையெழுத்து மாறுகிறதா, பணம் போதவில்லையா, தேதி தப்பா என்று காரணச்சீட்டு வைக்க வேண்டும். பத்து ரூபாய்க்கான காசோலைக்கே அந்த மரியாதை இருக்கிறது. ‘மூணாவது நிமிஷத்துல என் கவனம் போச்சு, கிழவி உள்ள போனதும் யாரப் பாக்குறதுன்னு தெரியல’ என்று சொன்னால் அதை வைத்து ஒரு பிள்ளை வேலை செய்யலாம். ‘ரா-வா இருக்கு’ என்பதை வைத்து என்ன செய்யும்?

படத்தைப் பற்றிய பேச்சு எப்போது ஆளைப் பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதையும் கவனிக்கணும். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் பேசினார். பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்குக் கேரள அரசு கொடுக்கிற ஒன்றரைக் கோடி ரூபாயைக் குறைக்க வேண்டும், அவர்களுக்கு மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி தர வேண்டும் என்றார். அரங்கிலேயே எதிர்ப்பு கிளம்பியது. பயிற்சி கெட்டதா? இல்லை. யாருக்கு மட்டும் அது மருந்தாக எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. அவர் தலைவராக இருந்த கோட்டயம் கே.ஆர். நாராயணன் திரைப்பட நிறுவனத்தில், இடஒதுக்கீட்டை மீறியது, துப்புரவுப் பெண்களை இயக்குநர் வீட்டு வேலைக்கு விட்டது என்று குற்றம் சாட்டி 2022 டிசம்பரில் மாணவர்கள் போராட்டம் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார், பின்னாலேயே அடூரும் விலகினார். நம் பிள்ளைகள் நுழையப் போகிற கட்டடங்கள் இப்படியும் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டே நுழையட்டும், ஆனால் ஆடாத கேமராவோடு நுழையட்டும்.

வேலையில் இருக்கிற, வாசிக்கிற, படம் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் படம் போடும்போது இப்படிச் செய்து பார்க்கலாம். முடிந்ததும் யாரும் உடனே பேசக் கூடாது, கைதட்டவும் கூடாது. ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: கதையில் என்ன நடந்தது, எந்த இடத்தில் கண் விலகியது, எந்தச் சத்தம் காதில் தங்கியது. எழுதத் தெரியாதவர்கள் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர் அவர்கள் வார்த்தையிலேயே எழுதட்டும், திருத்தக் கூடாது. சீட்டுகளைப் படம் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டும். பத்துப் பேரில் ஆறு பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் அந்த இடத்தைத் திரும்ப வெட்ட வேண்டும். ஒரே ஒருத்தர் சொன்னதாக இருந்தால், அந்த ஒருத்தர் யார், என்ன வேலை செய்கிறவர் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறதே, அதற்கு ஒரு மாதம் முன்னாலாவது இது நடக்க வேண்டும். நாலு நாள் முன்னால் என்றால் நாமும் ‘நல்லாருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டிவரும்.